மொழிபெயர்க்காத வாக்கியம்

ஜனவரி 20, திங்கள்

"அப்பா, நான் சுகமாயிட்டேன்னு எல்லாரும் சொல்றாங்களே, அப்புறம் ஏன் எனக்கு இன்னும் வலிக்குது?"

மகள் ஒருநாள் என்னிடம் கேட்டது. சபையார் வந்து, கட்டிலைச் சுற்றி நின்று, கைவைத்து ஜெபித்து, சுகமாகிவிட்டாய் என்று அறிவித்துவிட்டுப் படியிறங்கிப் போயிருந்தார்கள். காலம் முழுக்க ஆங்கிலம் கற்பித்தவன் நான். எந்தக் கேள்விக்கும் ஓர் உதாரணம் வைத்திருப்பேன் என்பதால் பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயர் 'உதாரணம் சார்'. அவளுக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. தலையணையைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தேன். சில வாரத்தில் அடக்கம் செய்தோம். ஓராண்டுக்கு மேல் ஆகிறது.

இன்று அது நினைவுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. போதகர் வீட்டுக்கு வந்தார். மாதக் கடைசியில் நம் சபையின் கன்வென்ஷன், மூன்று மாலை நற்செய்திக் கூட்டம். வெளியிலிருந்து வரும் பிரசங்கியார் ஆங்கிலத்தில்தான் பேசுவார். வழக்கமாக மொழிபெயர்ப்பவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை.

"சார், நீங்க மாட்டேன்னு சொன்னா எனக்கு வேற ஆள் இல்ல. பேங்குல வேலை பாக்கற தம்பி ஒருத்தர் இருக்காரு. வேகமா பேசுவாரு. ஆனா உங்க தமிழ் வராது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் இருந்த நேரம் முழுவதும் மனைவி சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். துலக்க அவ்வளவு பாத்திரம் இல்லை.

ஜனவரி 22, புதன்

நான் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறேன். அவள் போவதில்லை, மகளை அடக்கம் செய்த நாளோடு நிறுத்திக்கொண்டாள். போகாத அவளைவிடப் போகிற நான் எந்த விதத்தில் மேல்? பாட்டுக்கு உதடு அசைகிறது. வருகையை மட்டும் எடுத்துவிட்டுப் பாடம் நடத்தாமல் வகுப்பிலிருந்து இறங்கிவரும் ஆசிரியரைப் போல இருக்கிறது என் பக்தி.

சாப்பாட்டு மேசையில் அவளே ஆரம்பித்தாள்.

"போகப் போறீங்களா?"

"கேட்டிருக்காரு. வேற ஆள் இல்லையாம்."

"போங்க. நான் தடுக்கல." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆனா நீங்க நம்பாத ஒண்ண உங்க வாயால ஊருக்கெல்லாம் சொல்லிட்டு வந்து, இந்த மேசையில எனக்கு எதிர்ல உக்காராதீங்க."

மொழிபெயர்ப்பவன் தபால்காரன் மாதிரி, கடிதத்தில் இருப்பதற்கு அவன் பொறுப்பில்லை என்றேன்.

"தபால்காரரு உறையப் பிரிச்சு வாசல்ல நின்னு சத்தமாப் படிக்க மாட்டாரு."

இந்த வீட்டில் உதாரணத்தை உடைக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

ஜனவரி 31, வெள்ளி

முதல் மாலை. மைதானம் நிறைந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள், தகரப் பந்தல், மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர். மேடையின் நீலத்திரையைத் தைத்தவர் நம் சபைத் தையல்காரர். தன் திரை காற்றில் உப்புகிறதா என்று கூட்டம் தொடங்கும்வரை கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி வயிற்றில் புற்றுநோயோடு அரசு மருத்துவமனையில் கிடக்கிறாள். அங்கிருந்து நேராக வந்திருக்கிறார்.

பிரசங்கியார் வயதானவர். நல்ல குரல், கனிவான கண். வேலை நான் நினைத்ததைவிட எளிதாக இருந்தது. அவருக்கு அரை அடி பின்னால் நிற்க வேண்டும்; அவர் மூச்சு விடும் இடத்தில் நான் வாக்கியத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். பாதியில் பார்த்தால் அவர் கை உயரும்போது என் கையும் உயர்கிறது. ஓர் இடத்தில் அவர் அழுதார். அதைக் கூட்டமே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மன்னிப்பைப் பற்றிப் பேசினார். சங்கடம் இல்லை. எல்லாரும் கைகொடுத்துப் பாராட்டினார்கள். என்னைத் தொட்டது ஒன்றும் இல்லை. குழாய்க்குத் தாகம் தெரியுமா?

பிப்ரவரி 1, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

இன்று அவர் விசுவாசத்தைப் பற்றிப் பேசினார். பாதிவரை நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு வாக்கியம் சொன்னார். அதைத் தமிழில் எழுத இங்கே கூட எனக்கு வரவில்லை. எனக்குக் கேட்ட சாரம் இதுதான்: விசுவாசம் குறைந்த வீட்டில்தான் பிள்ளைகள் சாகிறார்கள்.

நான் வாயைத் திறந்தேன். சொற்கள் எல்லாம் தயாராக இருந்தன, எழுவாய் முதற்கொண்டு. வரவில்லை.

எனக்குக் காதில் விழவில்லை என்று நினைத்து, அவர் இன்னும் நிதானமாக, தெளிவாக மறுபடி சொன்னார். புரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல. என் முழங்கையை லேசாகத் தட்டினார்.

மைக்கில் சொன்னேன்: "மன்னிக்கணும். இத என்னால சொல்ல முடியல."

அவ்வளவு பெரிய கூட்டம். ஜெனரேட்டர் சத்தம் மட்டும். பின்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றார்.

அந்த நிசப்தத்தில் நடந்ததை எப்படிச் சொல்வது? எனக்குப் பயமாக இல்லை. இத்தனை மாதம் உதடு அசைத்து அசைத்துக் கிடைக்காத ஒன்று அங்கே இருந்தது. அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் நான் தனியாக நிற்கவில்லை. அதைச் சொல்ல மறுத்து இன்னொருவரும் என் பக்கத்தில் நின்றார். அவர் யார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் சிலுவையில் பிள்ளையைப் பறிகொடுத்த அனுபவம் உண்டு. வேதத்தில் இதை எத்தனை முறை படித்திருப்பேன், எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன். ஒருநாளும் இப்படிப் பக்கத்தில் வந்து நின்றதில்லை.

பிரசங்கியார் அடுத்த வாக்கியத்துக்குப் போனார். நானும் தொடர்ந்தேன். முடியும்வரை குரல் பிசகவில்லை.

மேடைக்குப் பின்னால் கமிட்டிச் செயலாளர் காத்திருந்தார். "சார், உங்க துக்கம் எங்களுக்குப் புரியுது. ஆனா மைக்குல துக்கத்தக் காட்டக் கூடாது. நாளைக்கு அந்தப் பேங்குத் தம்பி பாத்துக்கட்டும்." பிரசங்கியார் மட்டும் என் தோளில் கைவைத்து, யாரையாவது இழந்தீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். மகளை என்றேன். மிகவும் வருந்துகிறேன் என்றார். உண்மையாகவே வருந்தினார். பொல்லாதவர் இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் மனைவி ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

"கரண்ட் போயிடுச்சா? திடீர்னு உங்க சத்தம் நின்னுடுச்சே."

மைதானத்து ஒலிபெருக்கி எங்கள் வீடுவரை கேட்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. இரண்டு நாளும் ஜன்னலில் நின்று கேட்டிருக்கிறாள்.

நடந்ததைச் சொன்னேன். ஆறிப்போன குழம்பைச் சூடுபண்ணி, எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை இருந்தாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

போக வேண்டாம் என்று நினைத்தேன். போனேன். கடைசி வரிசையில், தையல்காரருக்குப் பக்கத்து நாற்காலி.

பேங்குத் தம்பி நன்றாகவே செய்தார். பிரசங்கியார் நேற்று விட்ட இடத்துக்கு மறுபடி வந்தார். அந்த வாக்கியம் தங்குதடையின்றித் தமிழில் வந்து விழுந்தது: "உங்கள் வீட்டுக்குள் அகால மரணம் வருகிறது என்றால், அதற்குக் கதவைத் திறந்து வைத்தது யார் என்று உங்களையே கேளுங்கள்! விசுவாசம் உள்ள வீட்டுக் கதவை அது தட்டுவதில்லை!"

ஆமென் என்றது கூட்டம்.

தையல்காரர் என் பக்கம் சாய்ந்தார். "சார், நேத்து நீங்க சொல்லாம விட்டது இதானா?"

"ஆமா."

"ஏன் சார் மறைச்சீங்க? எனக்குல்ல சொல்லியிருக்காரு."

"உங்களுக்கு இல்ல. அது யாருக்கும் இல்ல. அது தப்பு."

அவர் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது: நான்தான் தொறந்து வெச்சிருக்கேன், நான்தான்.

மேடைக்கு முன்னால் வர அழைத்தார்கள். சுகம் வேண்டுவோர், ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுப்போர் எல்லாரும் வரலாம் என்றார்கள். வாலிபர்கள் ஓடினார்கள். தையல்காரர் குடையைக் கூட நாற்காலியிலேயே போட்டுவிட்டுப் போனார். மண்ணில் முழங்கால் போட்டு, கையை உயர்த்தி, என்னென்னவோ ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்தார். தொலைவிலிருந்து அவருடைய முதுகுதான் தெரிந்தது.

நான் எழவில்லை. காலியான நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி ஜெபித்தேன். மகள் போனபிறகு முதல் ஜெபம். ஜெபம் என்று கூடச் சொல்ல முடியாது, சண்டை. "ஆண்டவரே, இந்த ஆளை இப்போ யார் பாத்துப்பாங்க? இவரு தலையில இதக் கட்டி அனுப்பிட்டு இவங்க நாளைக்கு வேற ஊருக்குப் போயிடுவாங்க. யாரு பாத்துப்பாங்க?"

கேள்வி கேட்ட மாணவனையே எழுப்பி, நீயே பதில் சொல் என்பது என் பழைய வகுப்பு வழக்கம். இன்று நான் எழுப்பப்பட்டேன். குரல் கேட்டது என்றெல்லாம் எழுத மாட்டேன். ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லை.

அவருடைய குடையை நான் எடுத்து வைத்துக்கொண்டு, அவர் வரும்வரை காத்திருந்தேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மருத்துவமனை. பெண்கள் வார்டு, சுவரோரக் கட்டில். தையல்காரரின் மனைவி சுருண்டு கிடந்தாள். போர்வை முனையைப் பல்லில் கடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"நல்லா இருக்கேன் சார். சுகமாயிட்டேன்."

நேற்று முதல் வலி ஊசி வேண்டாம் என்று தையல்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஊசி போட்டால் சுகத்தை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். அவர் ஒப்புக்கொடுத்தது இதைத்தான்.

வராந்தாவுக்கு அழைத்துப் போய்ப் பேசினேன். என்னால் முடிந்த வழியில்.

"நூல் கோக்கக் கண்ணாடி போட்டுக்கறீங்க. அதனால கடவுள் கண்ணு குடுக்கலன்னு ஆயிடுமா?"

"உதாரணம் நல்லாத்தான் இருக்கு சார்." தரையைப் பார்த்தபடி சொன்னார். "உங்க பொண்ணுக்கு எல்லா ஊசியும் போட்டீங்களே. பொழச்சுதா?"

சொன்னதும் தன் வாயையே பொத்திக்கொண்டார். நான் கோபப்படவில்லை. பயந்தவனின் வாய் அது. பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி நடந்துபோய்விட்டேன். திரும்பி வந்தேன்.

பிப்ரவரி 5, புதன்

மனைவியிடம் சொன்னேன். "எந்த வார்டு?" என்றாள்.

பிப்ரவரி 6, வியாழன்

அவள் எனக்கு முன்னால் நடந்தாள். அதே மருத்துவமனை, அதே படி. மகளோடு ஏறி இறங்கியது. கைப்பிடியைத் தொடவே இல்லை.

ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தன்னை அறிமுகம் செய்யவில்லை, நலம் விசாரிக்கவில்லை.

"வலிக்குதா?"

"இல்லக்கா. சுகம்."

"எனக்கு ஒரு பொண்ணு இருந்தா. கடைசி வாரங்கள்ல என்கிட்ட வலிக்குதுன்னு சொல்லவே இல்ல. அவங்கப்பாகிட்ட ஒரு தடவ கேட்டிருக்கா. அதோட சரி. சொன்னா எங்க விசுவாசம் கொறஞ்சிடும்னு பயந்திருக்கா. அவ பல்லக் கடிக்கறது எனக்குத் தெரியும். நானும் தெரியாத மாதிரி இருந்தேன். ரெண்டு பேரும் நடிச்சோம்." போர்வை முனையை அந்தப் பெண்ணின் கையிலிருந்து மெல்ல விடுவித்தாள். "என்கிட்ட நடிக்க வேணாம்மா. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். வலிக்குதா?"

அந்தப் பெண் கணவரைப் பார்த்தாள். பிறகு என் மனைவியை.

"வலிக்குதுக்கா. தாங்க முடியல. என்னைக் கொன்னுடுங்கக்கா."

செவிலியர் தட்டோடு வந்து நின்றார். "ஒரு நாளைக்கு நாலு தடவ இதத் தூக்கிட்டு வந்து தூக்கிட்டுப் போறேன். யாராவது ஒரு முடிவு சொல்லுங்க. வீட்டுக்காரர் வேணாம்னு எழுதியிருக்காரு. ஆனா அவங்களுக்கு நெனவு இருக்கு. அவங்க வாயத் தொறந்து கேட்டாப் போதும்."

தையல்காரர் குறுக்கே வந்தார். "அம்மா, வேணாம்மா. இன்னும் ரெண்டு நாள் பாப்போம். ஆண்டவர் சோதிக்கிறாரு."

"தம்பி, விசுவாசம் உங்களோடது. வலி அவங்களோடது. ஒருத்தர் விசுவாசத்துக்கு இன்னொருத்தர் பல்லக் கடிக்கக் கூடாது." என் மனைவி குரலை உயர்த்தவே இல்லை. "ஆண்டவர் சோதிக்கிறாருன்னா உங்களச் சோதிக்கட்டும். நீங்க ஆரோக்கியமாத்தான இருக்கீங்க?"

தையல்காரரின் மனைவி கையை நீட்டினாள். "போடுங்க சிஸ்டர்."

கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். வாய் தானாகத் திறந்துகொண்டது. தையல்காரர் வராந்தாச் சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்து நின்று அழுதார். நான் பக்கத்தில் நின்றேன்.

பேருந்தில் மனைவி ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள். "அந்த நர்ஸ் பொண்ணு செருப்பப் பாத்தீங்களா, குதிகாலே இல்ல."

பிப்ரவரி 11

போனோம். மனைவி தலைவாரிவிட்டாள். முடி கையோடு வந்தது. இருவரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எப்படிச் சிரிக்க முடிந்தது?

பிப்ரவரி 14

தையல்காரரின் மனைவிக்கு இன்று நினைவு தப்பித் தப்பி வருகிறது. தன்னை எந்தப் புடவையில் அடக்கம் செய்ய வேண்டும் என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டாள். "அவருகிட்ட சொன்னா ஒடஞ்சிடுவாருக்கா. ரவிக்கை மட்டும் அவரு தெச்சதா இருக்கட்டும்."

பிப்ரவரி 19, புதன்

அதிகாலையில் போய்விட்டாள். வலியில்லாமல் போனாள் என்று செவிலியர் சொன்னார்.

தையல்காரர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சார், ஊசி போட்டதாலயா? நான் நம்பிக்கையோட நின்னிருந்தா...?"

"இல்ல" என்றேன்.

அது மட்டும்தான். உதாரணம் இல்லாமல் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னது என் வாழ்க்கையில் இது முதல் முறையாக இருக்கலாம். அவர் என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு கையை விட்டார்.

பிப்ரவரி 20, வியாழன்

அடக்கம். மனைவி கல்லறைத் தோட்டம்வரை வந்தாள். பாட்டுப் பாடவில்லை. இறந்தவளின் அண்ணன் எங்கள் காதுபட, "அந்தம்மா வந்து மனசக் கெடுக்காம இருந்திருந்தா எங்க தங்கச்சி எழுந்து நடந்திருப்பா" என்றார். சபையில் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். போதகர் காதில் விழாததுபோல் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். தையல்காரரும் ஒன்றும் சொல்லவில்லை.

வழியில் கேட்டேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறதா என்று.

"சொல்லட்டும். யாரையாவது சொல்லணும்ல அவங்களுக்கு. கடவுளச் சொல்ல முடியாது. என்னைச் சொல்லிட்டுப் போகட்டும்."

நான் அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன். இதைவிடப் பெரிய பிரசங்கம் அந்த மைதானத்தில் மூன்று மாலையும் நடக்கவில்லை.

எனக்குத் தெளிவு வந்துவிட்டது என்று எழுத ஆசை. வரவில்லை. மகள் ஏன் போனாள், இந்தப் பெண் ஏன் போனாள், ஒன்றும் தெரியாது. தினமும் காலையில் ஆண்டவரிடம் கேட்கிறேன். கேட்க ஆள் இருக்கிறார் என்பது மட்டும் திரும்ப வந்திருக்கிறது.

மார்ச் 3, திங்கள்

போதகர் கூப்பிட்டு அனுப்பினார். கமிட்டி கூடியதாம். இனி மேடை எனக்கு இல்லை. சரி என்றேன்.

"ஆனா ஆஸ்பத்திரிக்குப் போறத நிறுத்திடாதீங்க சார்." கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "நானும் போய் ஜெபம் பண்றேன். பண்ணிட்டு ஓடி வந்துடறேன். அதுக்கப்புறம் அங்க இருக்க எனக்குத் தைரியம் இல்ல. சபை பேர்ல வேணாம், சும்மா நீங்களாப் போற மாதிரி போங்க."

அழைப்பு எப்படியெல்லாம் வருகிறது பாருங்கள். சபை பேரில் வேண்டாமாம்.

மார்ச் 21, வெள்ளி

செவ்வாயும் வெள்ளியும் போகிறோம். நான் ஆண்கள் வார்டு, அவள் பெண்கள் வார்டு. பொல்லாத வேலை. போன வாரம் நான் பேசிக்கொண்டிருந்தவரின் கட்டிலில் இன்று வேறொருவர் படுத்திருந்தார். ஒருவர் என்னைப் பார்த்ததுமே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். அவர் முதுகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். தையல்காரர் இன்னும் எங்களோடு பேசுவதில்லை. ஆலயத்தில் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறார். வரட்டும், அவசரமில்லை.

இன்று என் வேலை முடிந்து பெண்கள் வார்டு வாசலில் நின்றேன். வயதான அம்மா ஒருவர் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பது காதில் விழுந்தது.

"எனக்காக ஒரு ஜெபம் பண்ணும்மா."

"எனக்கு இப்போ ஜெபம் வர்றதில்லம்மா. ரொம்ப நாளாச்சு. பொய்யாச் சொல்லவும் மனசில்ல. கொஞ்ச நேரம் இப்படியே உக்காந்திருக்கேன், போதுமா?"

அந்த அம்மா யோசித்தார். "போதும். ஆனா சீக்கிரம் எழுந்து போயிடக் கூடாது."

"போகல."

நான் வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். பேருந்து ஒன்று போயிற்று, இன்னொன்றும் போயிற்று. அவள் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

என் காலத்துக்குப் பிறகு யாராவது இந்தப் பக்கத்தைப் புரட்டினால், ஆசிரியன் பழக்கத்தில் ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். அடுத்த முறை நோயாளி ஒருவரைப் பார்க்கப் போகும்போது, ஆறுதல் வார்த்தை எதையும் தயார் செய்யாமல் போய், நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, அவராகப் பேசும்வரை உட்கார்ந்திருங்கள்.